போர்டில் மட்டும் போர்டிங்

போன இதழில் லாட்ஜ் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேட்டுத் தள்ளிவிட்டார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க சோறும் ரூமும்தான். அரசியல், சினிமா கேள்விகள் அடுத்த இதழில்.

கே: பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்ட் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். லாட்ஜிங் புரிகிறது. போர்டிங் என்பது விமானத்தில் ஏறுவதல்லவா? (பஸ் பயணி, விருத்தாசலம்)

ப: விருத்தாசலத்தில் விமானம் ஏற முடியாது என்பது அந்த போர்டை எழுதிய பெயின்ட்டருக்கும் தெரியும். இங்கிலாந்தில் அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேஜை என்பது கால்தாங்கிகளின் மேல் கிடத்திய ஒரு நீளப் பலகை. சாப்பிட்டு முடித்ததும் பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிடலாம். அந்தப் பலகைதான் ‘போர்டு’. நாளடைவில் பலகையின் பெயர் அதில் பரிமாறிய சாப்பாட்டுக்கே வந்துவிட்டது. ஆகவே போர்டிங் என்றால் சாப்பாடு, லாட்ஜிங் என்றால் தங்கல். விமான போர்டிங் கப்பலின் பக்கப் பலகையிலிருந்து வந்தது, அது வேறு கதை. கம்பெனி ‘போர்டு ஆஃப் டைரக்டர்ஸ்’ மட்டும் நம் சாப்பாட்டுப் பலகைக்குச் சொந்தம். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்கிறவர்கள் அல்லவா! சாப்பிடுவது அங்கேயும் நடக்கும், இலைதான் கண்ணுக்குத் தெரியாது.

கே: அப்படி போர்டு மாட்டிய லாட்ஜில் போய்ச் சாப்பாடு எங்கே என்று கேட்டேன். ரிசப்ஷனில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். (மருந்து விற்பனைப் பிரதிநிதி, கரூர்)

ப: பார்க்கத்தான் செய்வார். அந்தக் கேள்வியைக் கேட்டே பல வருடம் ஆகியிருக்கும். ஒரு காலத்தில் அந்த போர்டு முழு உண்மை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சென்னையில் நடத்திய உட்லண்ட்ஸ், தாசப்பிரகாஷ் போன்ற இடங்களில் கீழே சாப்பாடு, மேலே ரூம். வியாபாரத்துக்கு வந்தவர், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த குடும்பம், கோர்ட்டுக்கு வந்தவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தார்கள். சின்ன ஊர்களிலும் அதையே பார்த்துச் செய்தார்கள்.

பிறகு கணக்கு மாறியது. ரூமுக்கு ஒரு ரூம் பாயும் வாரத்துக்கு நாலு மூட்டை சலவையும் போதும். சமையலுக்கு விடிகாலை மாவு, காய்கறி விலை, கோபித்துக்கொண்டு போகும் மாஸ்டர், மிஞ்சிய சாம்பார் என்று தினமும் ஒரு தலைவலி. மாடியை வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். போர்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ரூம் பாயிடம் பணம் கொடுத்தால் எதிர்க்கடையிலிருந்து பரோட்டா வரும். போர்டிங்கில் இன்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

கே: ஹோட்டல் என்பது தங்கும் இடமா, சாப்பிடும் இடமா? டெல்லியிலிருந்து வந்த நண்பர் சண்டை போடுகிறார். (ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: நண்பர் அகராதிப்படி சரி. நீங்கள் ஊர்ப்படி சரி. தமிழ்நாட்டில் ‘ஹோட்டலில் சாப்பிட்டேன்’ என்றால் யாரும் எந்த ரூமில் என்று கேட்பதில்லை. ஆனால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ என்றால் அது தங்குமிடம். அரசாங்கமே இரண்டு பக்கமும் ஒரு கால் வைத்திருக்கிறது.

ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் மூன்றுமே லத்தீனில் விருந்தாளியைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாரிஸில் ‘ஓட்டெல் தியூ’ என்று ஒன்று இருக்கிறது. ரூம் கேட்டுப் போய்விடாதீர்கள், அது நூற்றாண்டுகள் பழைய ஆஸ்பத்திரி. நம் மொழியிலும் இந்த விளையாட்டு உண்டு. நமக்கு விடுதி என்றால் லாட்ஜ் அல்லது ஹாஸ்டல். இலங்கையில் ஆஸ்பத்திரி வார்டுக்கும் விடுதி என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் ‘அம்மா அஞ்சாம் விடுதியில் இருக்கிறா’ என்றால் டூர் போயிருக்கிறார் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லாதீர்கள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போங்கள்.

கே: இலங்கைத் தமிழர்கள் ‘போர்டிங்கில் நிற்கிறான்’ என்கிறார்களே, ஏன் நிற்க வைக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, சென்னை)

ப: அங்கே ‘நிற்பது’ என்றால் தங்குவது. கொழும்பில் படிக்கவோ வேலைக்கோ வந்த பிள்ளை யாரோ ஒருவர் வீட்டில் அறை எடுத்துக்கொண்டால் அது போர்டிங். அந்த வீட்டிலேயே சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் பெயர் போர்டிங்தான். நம் ஊரில் போர்டு பொய் சொல்கிறது, அங்கே பேச்சு.

கே: திருவல்லிக்கேணி ‘மேன்ஷன்’ ஏன் மேன்ஷன்? (வேலை தேடுபவர், திருச்சி)

ப: இங்கிலீஷில் மேன்ஷன் என்றால் பிரபு குடும்பத்து மாளிகை. திருவல்லிக்கேணியில் மூன்று கட்டில், ஒரு ஃபேன், கம்பிக்கொடியில் ஈரத்துண்டு. சாப்பாட்டுக்குத் தெருமுனை மெஸ். வேலை தேடி வந்த இரண்டு மூன்று தலைமுறைப் பிரம்மச்சாரிகளைச் சென்னை தாங்கியது இந்தப் பிரிவினையால்தான். படுக்க ஓர் இடம், சாப்பிட ஓர் இடம், இரண்டுக்கும் தனித்தனிக் கடன். மேன்ஷன்காரரிடம் பாக்கி இருந்தாலும் மெஸ்ஸில் சோறு விழும். மெஸ்ஸில் பாக்கி இருந்தாலும் படுக்கை இருக்கும். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

கே: நெட்டில் மூணாறு ரிசார்ட் பார்த்தால் இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று நாலு விலை. எது எதற்கு? (புதுமணத் தம்பதி, ஈரோடு)

ப: வாழ்த்துகள். இ.பி. என்றதும் கரண்ட் பில் என்று பயப்படாதீர்கள். அது யூரோப்பியன் பிளான், ரூம் மட்டும். சி.பி. என்பது கான்டினென்டல் பிளான், ரூமும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்பது திருத்திய அமெரிக்கன் பிளான். காலை டிபனோடு இன்னொரு வேளைச் சாப்பாடு, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இதையே வெளிநாட்டுத் தளங்களில் ஹாஃப் போர்டு, ஃபுல் போர்டு என்று போடுவார்கள். மறுபடியும் அந்தப் பலகைதான்.

எதை எடுப்பது? பகலெல்லாம் ஊர் சுற்றப்போகிறீர்கள் என்றால் ஏ.பி. எடுப்பது வீண், மதியச் சாப்பாட்டுக்காக மலையேறித் திரும்பி வர வேண்டும். ரிசார்ட் எஸ்டேட் நடுவில் இருந்தால் எம்.ஏ.பி.தான் சரி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வளைவு ரோட்டில் இறங்கி ஹோட்டல் தேட முடியாது. பேக்கேஜில் ‘டின்னர்’ என்று இருந்தால் அது பஃபேயா, அளவுச் சாப்பாடா என்று போனில் கேளுங்கள். தண்ணீர் பாட்டில், டீ, ஐஸ்கிரீம் எல்லாம் பெரும்பாலும் தனி பில். புதுமணத் தம்பதி ரூமுக்கே சாப்பாடு வரவழைத்தால் அதற்குத் தனிச் சார்ஜ் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கே: கல்யாணமும் ஒருவகை போர்டிங், லாட்ஜிங்தானே சார்? (பெயர் வேண்டாம், மனைவி இந்தப் பத்திரிகை படிப்பாள்)

ப: இங்கிலாந்துச் சட்டம் அப்படித்தான் நினைத்தது. 1857 வரை அங்கே சர்ச் கோர்ட்டுகள் தம்பதியரைப் பிரித்து வைத்தால் ‘படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும்’ பிரித்ததாகத்தான் தீர்ப்பு. கல்யாணம் அப்படியே நிற்கும், மறுமணம் கிடையாது, ரூமும் சோறும் மட்டும் வேறு வேறு. உங்கள் வீட்டில் கோர்ட்டுக்குப் போகாமலே இது நடக்காமல் இருக்க வேண்டுமானால் இப்படிக் கேள்விகள் அனுப்புவதை நிறுத்துங்கள்.

கே: மகன் லண்டனில் படிக்கப் போகிறான். சாப்பாட்டோடு ரூம் எடுப்பதா, தனி ரூமா? அவன் சுத்த சைவம். (தந்தை, கும்பகோணம்)

ப: இந்தச் சிக்கலில் 1888-ல் மாட்டியவர் ஒருவர் இருக்கிறார். சட்டம் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி. மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டில் சாப்பாட்டோடு தங்கினார். பரிமாறியது எதிலும் ருசி இல்லை.  வைத்ததற்கு மேல் கேட்கக் கூச்சம். பணம் கட்டிப் பட்டினி கிடந்தார். தெருத்தெருவாக அலைந்து ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறு நிறைந்தது. பின்னாளில் ஒற்றை அறைக்கு மாறி, ஸ்டவ் வைத்துக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மதியம் வெளியே, ராத்திரி வீட்டில் ரொட்டியும் கோகோவும் என்று ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னியில் சமாளித்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் அன்று பாரிஸ்டர் ஆவதற்கே சாப்பாடு கட்டாயம். அந்தச் சட்டக் கழகங்களுக்குப் பெயரே ‘இன்’, அதாவது சத்திரம். ஒரு டெர்முக்கு ஆறு டின்னராவது அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. நாலு பேர் கொண்ட மேஜைக்கு இரண்டு பாட்டில் ஒயின். காந்தி தொடமாட்டார் என்பதால் எந்த மேஜையிலும் அவருக்கு ஏக வரவேற்பு!

கேம்பிரிட்ஜ் போன நம் கும்பகோணத்து ராமானுஜனும் கல்லூரிச் சாப்பாட்டை விட்டுத் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். உங்கள் மகனுக்கு என் யோசனை: ரூம் மட்டும் எடுக்கட்டும், சமையலறை உரிமை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விமானம் ஏறுவதற்குள் ரசம் வைக்கக் கற்றுக்கொடுங்கள்.

கே: ‘ஆட்கள் தேவை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்’ என்று போஸ்டர் பார்க்கிறேன். நிஜமாகவே இலவசமா? (பிளஸ் டூ முடித்தவர், தர்மபுரி)

ப: தம்பி, இந்தக் கேள்விக்கு ஜோக் அடிக்க மனம் வரவில்லை.

இலவசம் என்று எழுதுகிறவர் அதைச் சம்பளத்தை நிர்ணயிக்கும்போதே கழித்திருப்பார். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, கையில் எவ்வளவு வரும் என்பது. இரண்டாவது, வேலையை விட்டால் ரூமை எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பது. முதலாளியே வீட்டுக்காரராகவும் இருந்தால் வேலை போகும் அன்றே கூரையும் போகும். அந்தப் பயத்திலேயே பல பேர் ஓவர்டைம் காசைக் கேட்பதில்லை.

திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. கல்யாணம் ஆகாத இளம்பெண்கள் மூன்று வருடம் மில் வளாகத்து ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். சாப்பாடும் இடமும் கொடுப்பார்கள், மாதச் சம்பளம் சொற்பம், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்தத் தொகையும் இல்லை. வெளியே போகவும் வீட்டுக்குப் பேசவும்கூட அனுமதி வேண்டியிருந்தது. சோறும் ரூமும் கொடுத்த கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தால் அதற்கு போர்டிங் என்றா பெயர்?

சட்டம் உன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தங்குமிடத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கலாம், ஆனால் நீ ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.  சம்பளச் சீட்டு கேட்டு வாங்கு. சீட்டே கிடையாது என்று சொல்லும் இடத்தில் சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் சேராதே.

கே: ஹாஸ்டல் மெஸ் பில் மாசத்துக்கு மாசம் மாறுகிறது. ‘டிவைடிங் சிஸ்டம்’ என்கிறார்கள். யார் டிவைட் பண்ணுகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள்? (இன்ஜினியரிங் மாணவர், சேலம்)

ப: இன்ஜினியரிங் மாணவர் இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் எனக்கு எழுதுகிறார், நாடு முன்னேறும். உதாரணத்துக்கு உங்கள் மெஸ்ஸில் 200 பேர், 30 நாள். மொத்தம் 6,000 சாப்பாட்டு நாள். அரிசி, காய்கறி, பால் 5,40,000 ரூபாய். மாஸ்டர் சம்பளம், கேஸ் வகையறா 1,80,000. கூட்டி வகுத்தால் ஒரு நாளைக்கு 120 ரூபாய்.

இப்போது பொங்கல் வருகிறது. பாதிப் பேர் பத்து நாள் ஊருக்குப் போய் மெஸ் கட் வாங்குகிறார்கள். சாப்பாட்டு நாள் 5,000 ஆகிறது. மளிகைச் செலவு 4,50,000 என்று இறங்கும். ஆனால் மாஸ்டருக்கு அதே சம்பளம்தானே? ஆகவே ஒரு நாளைக்கு 126 ரூபாய். ஊருக்குப் போகாமல் அரியர் எழுதப் படித்துக்கொண்டிருந்தவன் 180 ரூபாய் கூடக் கட்டுவான். அம்மா கைப் பொங்கலும் போச்சு, காசும் போச்சு.

பில் இதற்கு மேல் எகிறினால் மளிகை பில்லைப் பாருங்கள். மாணவர் மெஸ் கமிட்டி என்று ஒன்று இருந்தால் அதன் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஐஸ்கிரீம் என்று முடிவு செய்வது அல்ல. ஸ்டாக் நோட்டைத் திறந்து பார்ப்பது.

கே: பி.ஜி. ஹாஸ்டலில் ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: ஒரு ஆளுக்கு மாத வாடகை 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்தத் தங்குமிடத்துக்கு வரி இல்லை என்று 2024 ஜூலையில் அறிவிப்பு வந்துவிட்டது. நீங்கள் வந்து வருடக்கணக்காகியும் கேட்கிறார் என்றால் அறிவிப்பு நகலை நீட்டுங்கள்.

கே: சோறு, ரூம் இரண்டையும் காசு வாங்காமல் யாராவது கொடுத்ததுண்டா? மாமியார் வீட்டைச் சொல்லாதீர்கள். (வீட்டோட மாப்பிள்ளை, காரைக்குடி)

ப: நீங்களே சொல்லிவிட்டீர்கள். போலீஸ்காரர்கள் சொல்லும் மாமியார் வீட்டிலும் இரண்டும் இலவசம், நல்ல பதில் அதுவல்ல. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் சாலை நெடுகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். கும்பினியார் அவற்றில் கை வைத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டு இரண்டாம் சரபோஜி 1801-ல் ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சோறு. பிறர் சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமானும். மழையில் மாட்டிக்கொண்டால் விடும்வரை தங்கலாம். நோயாளிக்கு வைத்தியர், அனாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறு, படிப்பு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். நடுராத்திரியில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

இன்றைக்கு ரூம் சர்வீஸ் பத்தரைக்கே போனை எடுப்பதில்லை.

சோறு மட்டும் என்றால் வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்னும் அணையவில்லை. காசிக்குப் போனால் உங்கள் ஊர் நகரத்தார் சத்திரம் இருக்கிறது. காரைக்குடி மாப்பிள்ளைக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை.

கே: ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்பது சரியான தமிழா? (தமிழாசிரியர், கள்ளக்குறிச்சி)

ப: சரியோ தப்போ, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றும் தமிழ். கல்வராயன் மலையில் பழங்குடியினர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வாசலில் அந்தப் பெயர் இருக்கிறது. உண்ணவும் கொடுக்க வேண்டும், உறையவும் இடம் வேண்டும் என்று பெயரிலேயே கட்டளை இருக்கிறது. இலக்கணப் பிழை தேடுவதைவிட, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் உள்ளே போய் இரண்டும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

கே: சினிமாக்காரர்கள் ஏன் ரூம் போட்டு யோசிக்கிறார்கள்? (ரசிகர், மதுரை)

ப: தயாரிப்பாளர் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதால். அதை நிறுத்திப் பாருங்கள், கதை ஒரே நாளில் முடிந்துவிடும்.

கே: மகளை வேலைக்காகச் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? (தாய், நாகர்கோவில்)

ப: ‘மூன்று வேளைச் சாப்பாடு’ என்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் உண்டா என்று கேளுங்கள், நிறைய இடங்களில் அன்றைக்கு அடுப்பு பற்றாது. நைட் ஷிப்ட் முடித்து வந்தால் எடுத்து வைப்பார்களா? சாப்பாடு வேண்டாம் என்றால் எவ்வளவு குறையும்? அட்வான்ஸில் பெயின்டிங், பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? பதில்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ரூமை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்கள் சமையலறையையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். முடிந்தால் காசு கொடுத்து ஒருவேளை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, அங்கிருக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.